வறுமை பற்றிய ஆய்வுக்குக் குமரியில் தலைப்பா இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டக் கல்லூரிகளில் பொருளாதாரமும் வணிகவியலும் பயிலும் இறுதியாண்டு மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு தேர்ந்தெடுக்கும் முறை பற்றித் தங்கள் நாளிதழின் வழியாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தங்கள் 'புராஜெக்டை' எடுத்துக்கொண்டு என்னிடம் வருவது வழக்கம். தலைப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாகவே இருக்கின்றன. 'இந்தியாவில் வறுமையும் வருமான ஏற்றத்தாழ்வும்: ஓர் ஆய்வு' என்பார் ஒருவர், 'தமிழ்நாட்டில் வறுமை ஒழிப்புத் திட்டங்கள்: ஒரு பார்வை' என்பார் அடுத்தவர். அறுபது பக்கங்களுக்குள் ஒரு துணைக்கண்டத்தின் எழுபது ஆண்டு வறுமையை அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வியப்பதில்லை. சென்ற ஆண்டு மாணவரின் கட்டுரையிலிருந்தும், அதற்கு முந்தைய ஆண்டு மாணவரின் கட்டுரையிலிருந்தும்தான் அது வருகிறது.

யாரிடம் கேட்கப்போகிறோம், எந்த மாதத்தில் கேட்கப்போகிறோம், எந்த அளவுகோலால் அளக்கப்போகிறோம் என்ற மூன்றும் முடிவாகாத வரையில் வறுமை என்பது ஒரு பொருட்பரப்பு மட்டுமே. அதை ஆய்வுத் தலைப்பு என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. இந்த மூன்றும் விடையையே மாற்றிவிடக் கூடியவை என்பதைக் காட்டுவதற்கு நம் மாவட்டத்தைப் போல் வசதியான இடம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அளவுகோலிலிருந்து தொடங்குகிறேன். 2011-12ஆம் ஆண்டுக்கு, வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி கணக்கிட்டபோது, ஊரகத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாயும் நகரத்தில் 1,000 ரூபாயும் வறுமைக் கோடாக வகுக்கப்பட்டு, இந்திய மக்களில் 21.9 சதவீதத்தினர் ஏழைகள் என்று சொல்லப்பட்டது. அதே ஆண்டுக்கு ரங்கராஜன் குழு ஊரகத்துக்கு 972 ரூபாய், நகரத்துக்கு 1,407 ரூபாய் என்று கோட்டை உயர்த்தியதும் ஏழைகளின் பங்கு 29.5 சதவீதமாகிவிட்டது. இரண்டு குழுக்களுக்கும் இடையில் நாட்டில் ஒருவர்கூடப் புதிதாக ஏழையாகிவிடவில்லை. அண்மையில் 2025 ஜூன் மாதம் உலக வங்கி தன் கடும் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியபோதும் இதுவே நடந்தது. 2022-23ஆம் ஆண்டு இந்தியாவுக்குப் பழைய கோட்டின்படி 2.3 சதவீதமும் புதிய கோட்டின்படி 5.3 சதவீதமும் வருகின்றன. நிதி ஆயோக் பின்பற்றும் பல்பரிமாண வறுமைக் குறியீடோ பணத்தையே கணக்கில் எடுப்பதில்லை. ஊட்டச்சத்து, பள்ளி வருகை, சமையல் எரிபொருள், கழிப்பறை, வங்கிக் கணக்கு என 12 குறியீடுகளைக் கொண்டு அது கணக்கிடுகிறது. அதன்படி 2019-21இல் இந்தியாவில் 14.96 சதவீதத்தினரும் தமிழ்நாட்டில் 2.20 சதவீதத்தினரும் ஏழைகள். இத்தனை எண்களையும் ஒரே அத்தியாயத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, 'இதிலிருந்து வறுமை குறைந்து வருவது தெரிகிறது' என்று முடிக்கும் கட்டுரைகளை நான் எண்ணற்றவை படித்திருக்கிறேன். வெவ்வேறு பொருள்களை அளந்த எண்களை ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது என்பதை வழிகாட்டும் ஆசிரியர் முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஏற்றத்தாழ்வின் நிலை இதைவிடச் சிக்கலானது. வறுமை என்பது ஒரு கோட்டுக்குக் கீழே இருப்பவர்களைப் பற்றிய கேள்வி. ஏற்றத்தாழ்வு என்பது எல்லாரையும் பற்றிய கேள்வி. முன்னது குறையும்போதே பின்னது கூடலாம். உலக வங்கி வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவின் நுகர்வுச் செலவில் ஜினி குறியீடு (எல்லாரும் சமம் என்றால் 0, எல்லாம் ஒருவரிடமே என்றால் 100) 2011-12இல் 28.8 ஆக இருந்து 2022-23இல் 25.5 ஆகக் குறைந்திருக்கிறது. அதைக் காட்டி, உலகிலேயே ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் ஒன்று நம் நாடு என்று பேசப்பட்டது. உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தினர் வருமான வரிக் கணக்குகளையும் சேர்த்து எடுத்த மதிப்பீட்டின்படி அதே 2022-23இல் நாட்டின் வருமானத்தில் 22.6 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரின் கைக்குப் போகிறது. ஒன்று செலவைக் கேட்டது. மற்றொன்று வருமானத்தைக் கணக்கிட்டது. பணக்காரர் ஈட்டுவதையெல்லாம் செலவிடுவதில்லை என்பதும், கணக்கெடுப்பாளருக்குப் பெரிய வீடுகளின் கேட் எளிதில் திறப்பதில்லை என்பதும் இந்த இடைவெளிக்கான காரணங்களில் அடங்கும். தலைப்பில் 'வருமான ஏற்றத்தாழ்வு' என்று போட்டுவிட்டு உள்ளே நுகர்வுச் செலவின் அட்டவணையை ஒட்டிவைக்கும் மாணவருக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் கண்ணில் படுவதில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது குமரி. 2003இல் வெளியான மாநில மனித மேம்பாட்டு அறிக்கையில் சென்னைக்கு அடுத்த இடத்தில் இருந்தது. ஆகவே 'இங்கே வறுமை ஏது, ஆய்வுக்கு வேறு மாவட்டம் போக வேண்டும்' என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். சராசரிகள் உயர்ந்திருக்கும் இடத்தில்தான் ஏற்றத்தாழ்வை ஆராய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. மாணவரை அலையவிட மனமில்லாமல்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன். இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கெடுப்பின்படி நம் மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நகரவாசிகள். பேரூராட்சிகள் நெருங்கியிருப்பதால் வந்த கணக்கு இது. கடையாலுமூட்டிலும் பொன்மனையிலும் ரப்பர் மரங்களுக்கு நடுவே குடியிருப்பவரும் ஏட்டில் நகரவாசிதான். 'ஊரக வறுமையும் நகர்ப்புற வறுமையும்: ஓர் ஒப்பீடு' என்ற, பாடநூலில் மிக இயல்பாகத் தோன்றும் தலைப்பு, குமரியில் எடுத்த எடுப்பிலேயே தடுமாறிவிடும். அதை அப்படியே ஏற்காமல், 'பேரூராட்சி எல்லைக்குள் வாழும் விவசாயக் கூலிகளுக்கு ஊரக வேலைத் திட்டங்கள் கிடைக்காததால் நேரும் இழப்பு என்ன' என்று திருப்பினால் அதுவே நல்ல தலைப்பாகிவிடும்.

காலத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் ஒரே மாவட்டத்தில் இரண்டு கடற்கரைகள் கொண்ட பேறு நமக்கு உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கன்னியாகுமரி சின்னமுட்டம் துறைமுகம் முதல் கணக்கில் வரும்; முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஆகியவை இரண்டாம் கணக்கில் வரும். மே மாதத்தில் ஒரு மாணவர் இரண்டு கரையிலும் ஐம்பது ஐம்பது வீடுகளில் 'சென்ற மாதம் எவ்வளவு கிடைத்தது' என்று கேட்டால், கிழக்குக் கரை வறண்டதென்றும் மேற்குக் கரை செழித்ததென்றும் முடிவு வரும். ஜூலையில் அதே வீடுகளில் அதே கேள்வியைக் கேட்டால் முடிவு தலைகீழாக மாறும். ஜூன் முதல் இரண்டு வாரங்களில் போனால் இரண்டு கரையிலும் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும். மாவட்டமே பட்டினியில் இருப்பதாக எழுதிவிடலாம். மூன்று கட்டுரைகளும் நேர்மையாகத் திரட்டிய தரவுகளையே கொண்டிருக்கும். மூன்றும் தவறாக இருக்கும். இந்த ஒரு செய்தியை வைத்தே, 'தடைக்காலத்தின் இரு பக்கமும்: சின்னமுட்டம், குளச்சல் மீனவக் குடும்பங்களின் செலவும் கடனும்' என்று ஒரு தலைப்பு அமைக்கலாம். தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு வழங்கப்படும் 8,000 ரூபாய் அந்த இரண்டு மாதத்தில் எத்தனை நாள் செலவுக்குக் கண்டது, மீதிக்கு யாரிடம் கை நீட்டினார்கள், அந்தக் கடன் அடுத்த பருவத்தில் மீன் விற்கும் உரிமையை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று கேட்கத் தொடங்கினால் அறுபது பக்கம் போதாது.

கடற்கரையில் 'உங்கள் மாத வருமானம் என்ன' என்ற கேள்விக்கே பொருளில்லை என்பதையும் மாணவர் அங்கே போன பிறகுதான் உணர்வார். படகில் போகிறவர்க்குச் சம்பளம் கிடையாது, பங்குதான். கரைக்கு வந்த மீன் ஏலம் போனதும், டீசல், ஐஸ், கடலில் தின்ற அரிசி, தரகு எல்லாம் கழித்த பிறகு, படகுக்கும் வலைக்கும் எஞ்சினுக்கும் ஒரு பங்கு போய், எஞ்சியதை ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். வரவைச் செலவு மிஞ்சிவிட்ட ஓட்டமும், அதாவது மீன்பிடிப் பயணமும், உண்டு. தூத்தூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கொச்சியில் கரையேறி மீனை விற்றுவிட்டு வாரக்கணக்கில் வீடு திரும்பாமல் இருப்பவர்கள். அவர்கள் வீட்டில் கதவைத் திறக்கும் பெண்ணிடம் கணவரின் மாத வருமானத்தைக் கேட்டால், கேட்டவருக்கு ஒரு எண் கிடைக்கும், ஆனால் அந்த எண்ணால் ஒரு பயனும் இராது. கடைசி ஓட்டம் எப்போது, அதில் பங்கு எவ்வளவு வந்தது, இந்தப் பருவத்தில் எத்தனை ஓட்டம், எத்தனை ஓட்டத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று கேட்டுவிட்டு, பெருக்கலை மாணவர் வீட்டில் வந்து செய்துகொள்ள வேண்டும். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு இந்தக் கிராமங்களுக்கு வராத ஆய்வாளர் இல்லை. அதே வினாப்பட்டியலுடன் மறுபடியும் போய் நிற்பது முறையன்று என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

என் பார்வையில் இந்த மாவட்டத்தின் ஆகச் சிறந்த ஆய்வுப் பொருள் களியக்காவிளை எல்லையில் இருக்கிறது. அதிகாலையில் மார்த்தாண்டத்திலிருந்தும் குழித்துறையிலிருந்தும் கொத்தனார்களும் கையாட்களும் திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போவதை எல்லாரும் பார்க்கிறோம். காரணம் வெளிப்படை: ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரத்தின்படி 2022-23இல் ஊரகக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 852 ரூபாய், நாடு முழுமைக்குமான சராசரி 393 ரூபாய். அதே எல்லையை எதிர்த்திசையில் கடந்து வந்த தொழில் ஒன்றும் உண்டு. கொல்லத்து முந்திரி முதலாளிகள், கேரளத்தில் குறைந்தபட்சக் கூலியும் தொழிற்சங்கமும் வலுப்பெற்ற காலத்திலிருந்து, ஆலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லைக்கு இப்பால் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளுக்கு நகர்த்தினார்கள். கூலி தேடி ஆண்கள் மேற்கே போகிறார்கள். குறைந்த கூலி தேடி ஆலை கிழக்கே வந்தது. அந்த ஆலையில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மேற்கே போனவர்களின் மனைவியரும் தாய்மாரும். ஒரே கூரையின்கீழ் இரண்டு கூலிச் சந்தைகள் இயங்குகின்றன. குடும்பங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வைப் பற்றியே பேசும் பாடநூல்கள், குடும்பத்துக்குள் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வைக் கடந்துபோய்விடுகின்றன. தலா வருமானம் என்று ஆள் கணக்கில் வகுத்துவிட்டால் அது மறைந்தும்விடுகிறது.

நம் ஊர்ப் பேச்சில் 'அண்டி ஆபீஸ்' என்று சொல்லப்படும் அந்த ஆலைக்குள் ஒருமுறை போய்ப் பார்த்தவருக்குத் தலைப்பு தானாக அமையும். கூலி அங்கே எடைக்குத்தான். உடையாமல் வரும் முழுப் பருப்புக்குத்தான் மதிப்பு. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும் என்பதால் உடைக்கிறவர்கள் கையில் சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொள்கிறார்கள். ஆனாலும் விரல் நுனிகள் கறுத்துத்தான் கிடக்கும். கை வேகம் ஐம்பது வயதுக்கு மேல் குறையும்போது கூலியும் சேர்ந்து குறைகிறது. பதிவேட்டில் ஒரே பெயர், ஒரே வேலை, ஒரே விகிதம். வயதால் மட்டும் வருமானம் சரிகிறது. கச்சா முந்திரி பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலில் வருவதால், சரக்கு தாமதித்தால் ஆலை அடைபடும். அடைத்த நாளுக்குக் கூலி இல்லை. 'முந்திரி ஆலைப் பெண் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை' என்ற தலைப்பில் ஏற்கெனவே பலரும் எழுதியிருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் சொல்வது உண்மைதான். நான் சொல்வது வேறு: 'எடைக் கூலியில் வயதின் பங்கு: ஒரே ஆலையில் முப்பது வயதினரும் ஐம்பது வயதினரும்' என்று ஒருவர் எழுதட்டும். சம்பளச் சீட்டுகளே தரவாகும். நான்கு வாரச் சீட்டுகளைக் கடன் வாங்கி நகலெடுத்துத் திருப்பித் தந்தால் போதும்.

ரப்பர்த் தொழிலைப் பற்றியும் இப்படியே சொல்லலாம் என்பதால் சுருக்கமாக விடுகிறேன். மழை நாளில் பால்வெட்டு இல்லை, பிப்ரவரி மார்ச்சில் இலை உதிரும்போதும் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பேச்சிப்பாறை அணையைத் தாண்டிப் படகில் போக வேண்டிய குடியிருப்புகள் உண்டு. அங்கே வங்கிக் கணக்கும் மின்சாரமும் கழிப்பறையும் போய்ச் சேர்ந்துவிட்டால் பல்பரிமாணக் குறியீட்டின் பல கட்டங்களில் ஏழ்மை இல்லை என்றே வரும். மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம் என்பது அந்த 12 குறியீடுகளில் இல்லை. அந்த விடுபடலை ஆராய்வது சிறந்த தலைப்பே; ஆனால் ஒருநாள் சுற்றுலாவாகப் போய்ப் படம் எடுத்துவந்து 'பழங்குடியினர் வறுமை' என்று அட்டை போடுவதை இனியேனும் கல்லூரிகள் அனுமதிக்கக் கூடாது.

அரசு தானே வகுத்த அளவுகோல்களைச் சோதிப்பதும் மாணவரின் கைக்கு எட்டிய வேலைதான். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குக் குறைவு, ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குக் குறைவு, நன்செய் ஐந்து ஏக்கர் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்கு மிகாத நிலம் என்று வரையறைகள் வைக்கப்பட்டன. சென்ட் கணக்கில் நிலம் பேசும் குமரியில் அந்த நில வரம்பால் விலக்கப்படும் குடும்பங்கள் எத்தனை இருந்துவிடும்? அயல்நாட்டில் இருக்கும் மகன் அனுப்பும் பணத்தில் வாழும் வீட்டை எந்த வரையறை பிடித்தது, எது விட்டது? ஒரே தெருவில் நாற்பது வீடுகளை எடுத்து, விதியின்படி தகுதி, நடைமுறையில் கிடைத்தது, மாணவரின் கணிப்பில் தேவை என்று மூன்று பத்தியில் குறித்தாலே, பெரிய நிறுவனங்கள் எழுதாத ஒரு கட்டுரை கிடைக்கும். எல்லைக்கு அப்பால் கேரள அரசு 64,006 குடும்பங்களைக் கடும் வறுமையில் இருப்பவையாக அடையாளம் கண்டு, அவற்றை மீட்டுவிட்டதாக 2025 நவம்பர் 1 அன்று அறிவித்தது. உணவு, உடல்நலம், வீடு, வருமானம் என்ற நான்கும் அந்த அடையாளத்துக்கு அடிப்படை. அந்த அளவுகோல் போதுமா என்ற கேள்விகளும் அப்போதே எழுந்தன. அதே நான்கைக் கொண்டு கொல்லங்கோட்டிலோ மேல்புறத்திலோ ஒரு வார்டை அளந்து பார்க்க இதுவரை ஏன் எவருக்கும் தோன்றவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

இவ்வளவையும் இளங்கலை மாணவர் செய்துவிட முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு முன்னுதாரணம் சொல்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களையே அவரவர் ஊருக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன், கால்நடை, உணவு பற்றிக் கேட்டு எழுதிவரச் செய்தார். நமக்கு அடுத்த மாவட்டத்துக் கங்கைகொண்டானும், தென்னார்க்காட்டு இருவேல்பட்டும் அந்த வரிசையில் அடங்கும். அந்த ஊர்களில் சிலவற்றை 1930களிலும், 1980களிலும், இருவேல்பட்டை 2008இலும் பிற்கால ஆய்வாளர்கள் மறுபடியும் போய் அளந்தார்கள். ஒரு நூற்றாண்டில் நிலவுடைமையும் கூலியும் எப்படி மாறின என்று இன்று நம்மால் சொல்ல முடிவதற்கு மாணவர்கள் விடுமுறையில் எழுதிய அந்தக் குறிப்புகள்தான் தொடக்கம். மென்பொருள் இல்லாத காலம் அது. இன்றைய மாணவருக்கும் பெரிய கணிதம் வேண்டியதில்லை. ஐம்பது குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி, மேலே உள்ள ஐந்து குடும்பங்களின் மொத்த வருமானத்தைக் கீழே உள்ள இருபது குடும்பங்களின் மொத்த வருமானத்தால் வகுத்தால் பால்மா விகிதம் கிடைத்துவிடும். கைபேசியில் உள்ள கால்குலேட்டரே போதும். அதைவிட்டு, விடை தெரிந்த கேள்விக்கெல்லாம் கை-வர்க்கச் சோதனை, கேரட் தரவரிசை என்ற புள்ளியியல் முறைகளைப் போட்டு, 'பதிலளித்தோரில் 54 சதவீதத்தினர் பெண்கள்' என்று வட்ட வரைபடம் வரைந்து பக்கம் நிரப்புவதால் யாருக்கு என்ன பயன்?

நகலெடுப்பைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கினால் அந்த ஒற்றுமைகூடக் காட்டாது என்பதும், இப்போது கணினியே கட்டுரையை எழுதிக் கொடுக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரிந்தவை. 'இந்தியாவில் வறுமை' என்ற தலைப்பு இருக்கும் வரையில் இதைத் தடுக்க வழியில்லை. சின்னமுட்டத்தில் நாற்பது வீட்டுக் கடன் கணக்கை எவரும் எங்கிருந்தும் நகலெடுக்க முடியாது.

வீடு தேடிப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். வருமானத்தைக் கேட்டதும் மக்கள் முதலில் நினைப்பது குடும்ப அட்டையையும் உரிமைத் தொகையையும்தான். இவர் எழுதிக்கொண்டு போனால் நாளை அது நின்றுவிடுமோ என்ற பயத்தில் குறைத்துச் சொல்வார்கள். சில வீடுகளில் மானத்துக்கு அஞ்சிக் கூட்டிச் சொல்வார்கள். ஆகவே முதலில் செலவைக் கேளுங்கள். பிறகு அடகில் இருக்கும் நகையை, சீட்டை, குழுக் கடனின் வாரத் தவணையைக் கேளுங்கள். வருமானத்தைக் கடைசியில் கேளுங்கள். மகளின் கல்யாணத்துக்குப் போட்ட பவுன் எத்தனை, அதற்காக விற்ற சென்ட் எத்தனை என்பது நம் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் சொத்து நிலை சரிவதை வேறெந்தக் கேள்வியையும்விடத் தெளிவாகக் காட்டும். அதை எழுத நம் கட்டுரைகள் கூசுகின்றன. எந்த வீட்டின் பெயரையும் எழுத வேண்டாம். எண் போட்டால் போதும் என்பதை அவர்கள் முன்னாலேயே செய்து காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கும் கல்லூரி நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. திரட்டிய தரவுகளைப் பெயர் நீக்கி, கட்டுரையுடன் சேர்த்து நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு படி வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பத்தாண்டு கழித்து வரும் மாணவர் அதே வீடுகளை மறுபடி அளக்க அது உதவும். இரண்டாவது, காலம் பற்றியது. இப்போது பெரும்பாலான கல்லூரிகளில் ஆறாம் பருவத்தில், அதாவது டிசம்பரில் தலைப்பைக் கொடுத்து மார்ச்சில் கட்டுரையைக் கேட்கிறார்கள். அந்த மாதங்களில் இரண்டு கரையிலும் தடைக்காலம் இல்லை. ஜனவரி வரை ரப்பர் மரம் பால் சொரியும். மாணவர் பார்ப்பது குமரியின் நல்ல காலத்தை மட்டும்தான். ஐந்தாம் பருவம் தொடங்கும் ஜூன் மாதத்திலேயே தலைப்பை முடிவு செய்து கொடுத்தால், முதல் கணக்கெடுப்பை ஜூலையிலும் இரண்டாவதை ஜனவரியிலும் அதே வீடுகளில் எடுக்க முடியும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு வரும் கல்வியாண்டுக்கு முன் இதைக் கருத்தில் கொள்ளுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.